எவன் காத்துக்கிடக்கணும்னு முதல்ல கேளு, பேராண்டி

வாங்க துரை, வாங்க. நெட்வொர்க்குத் துரை மெட்ராசுலயிருந்து வந்திருக்காகன்னு உள்ள போய் அப்பத்தாகிட்டச் சொல்லு, சுக்குக் காப்பி வரும். பொறவு இப்படித் திண்ணையில வந்து குந்து. மெட்ராஸ் டேட்டா சென்டருக்கும் பம்பாய் டேட்டா சென்டருக்கும் நடுவுல எஸ்டி-வான் போடப் போறீகளாமே. உன் தங்கச்சி சொன்னா. கூகுள்காரன் பண்ணுனதை நாங்களும் பண்ணப் போறோம்னு போன்ல அவகிட்ட அம்புட்டுப் பீத்திக்கிட்டியாம். பண்ணுங்க ராசா, யாரு வேணாங்குறா? கைநாட்டுக் கிழவன் நான், எனக்கு இதுல என்ன தெரியும்.

போன பொங்கலுக்கு வந்தப்ப ஒரு காகிதக் கட்டை இங்கன விட்டுட்டுப் போயிட்ட, நெனப்பு இருக்கா? கூகுள் ஆளுக எழுதுன 'பி4' கட்டுரை. 2013 ஆகஸ்ட்ல ஹாங்காங்குல நடந்த சிக்காம் மாநாட்டுல வச்சது. மடிப்புக் கலையாம, ஒரு கோடு கிழிக்காம, வாங்குன மேனிக்கு அப்படியே இருந்துச்சு. சரி, பெரிய வேலையில இருக்குற பய, வாசிக்க நேரம் இருந்திருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். உன் தங்கச்சியை உக்கார வச்சு முழுசையும் தமிழ்ல சொல்லச் சொன்னேன். அறுப்பு முடிஞ்ச நேரம், எனக்கும் வேற சோலி இல்ல. அதனால இப்ப உனக்குத் தெரியாத ரெண்டொரு சங்கதி எனக்குத் தெரியும். கோவிச்சுக்காத.

முதல்ல பி4ன்னா என்னன்னு சொல்றேன், நாளைக்கு மீட்டிங்ல எவனாவது கேட்டா முழிக்காம இருக்க உதவும். நாம தேடுறது, படம் பாக்குறது எல்லாம் கூகுளுக்குப் போய்ட்டு வர ஒரு நெட்வொர்க்கு தனியா இருக்கு. டேட்டா சென்டருக்கும் டேட்டா சென்டருக்கும் நடுவுல மட்டும் ஓடுறதுக்கு இன்னொண்ணு வச்சிருக்கான். அதுதான் பி4. ஜனங்க புழங்குறதைவிட இந்த உள்நெட்வொர்க்குலதான் டிராபிக்கு அதிகம், வளர்றதும் இதுதான் வேகம்னு அவனே எழுதியிருக்கான். 2011ல 12 இடங்களைக் கோத்திருந்துச்சு. கூகுளுக்கு டேட்டா சென்டர் இருக்குற ஊருகளைக் கேட்டா எனக்குச் சிரிப்பா வரும். ஓரிகான்ல டால்ஸ், அயோவால கவுன்சில் பிளஃப்ஸ், பின்லாந்துல ஹமினா. அந்த ஹமினா ஒரு பழைய காகித மில்லுப்பா. மூடிக் கெடந்ததை 2009ல வாங்கி, கடல் தண்ணியை உள்ள விட்டு மிசினைக் குளுர வைக்கிறான். காகிதத்தை ஒழிச்சவன் காகித மில்லுல குடியிருக்கான்.

இந்த மாதிரி கண்டம் விட்டுக் கண்டம் போற லிங்க்குக்கு எம்புட்டு வாடகைன்னு உனக்கே தெரியும். அம்புட்டுத் துட்டைக் கொட்டிட்டு, எல்லாரும் அதுல 30லயிருந்து 40 சதவீதம்தான் ஓட்டுவாக. மிச்சமெல்லாம் 'எதாவது ஒரு லிங்க் அந்துபோனா?'ங்குற பயத்துக்குக் காலியாக் கெடக்கும். தேவைக்கு ரெண்டு மூணு மடங்கு வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா தூங்குறது. தப்புன்னு சொல்லலை. அந்தக் காலத்து ரவுட்டரை வச்சுக்கிட்டு வேற வழி இல்லை.

ஏன்னா, ஒவ்வொரு ரவுட்டரும் தன் தலையில தானே கணக்குப் போடும். எந்தப் பாதை குட்டைன்னு பாக்கும், அதுல தள்ளிவிடும். அந்தக் கணக்கைக் கண்டுபிடிச்சவர் டைக்ஸ்ட்ரா. 1956ல ஆம்ஸ்டர்டாம்ல, கட்டிக்கப்போற பொண்ணோட கடைத்தெருவுக்குப் போய் அலுத்து, ஒரு காப்பிக் கடையில உக்காந்தவரு, இருவது நிமிசத்துல மனசுலயே போட்டு முடிச்சாராம். அது நல்ல கணக்குதான், அதுல குத்தம் இல்லை. ஆனா எல்லா ரவுட்டரும் ஒரே குட்டைப் பாதையைக் கண்டுபிடிச்சு ஒரே நேரத்துல உள்ள எறங்குனா என்னாகும்? குட்டைப் பாதை நெம்பி வழியும், பக்கத்துலயே நெட்டைப் பாதை ஈயோட்டிக்கிட்டு இருக்கும். ஒரு லிங்க் அந்துச்சுன்னு வையி, அம்புட்டு ரவுட்டரும் அடுத்த குட்டைப் பாதைக்கு ஒண்ணா ஓடும். அங்க ஒண்ணுக்குத்தான் எடம் இருக்கும். மத்ததெல்லாம் முட்டிட்டுத் திரும்பி வந்து மறுபடி கணக்குப் போடும்.

நம்ம பெரிய கண்மாயை நெனச்சுக்க. வயக்காரன் ஒவ்வொருத்தனும் ராத்திரியில மம்பட்டியை எடுத்துட்டுப் போய்த் தனக்குத் தானே வாய்க்காலை வெட்டிக்கிட்டா, மேமடைக்காரன் வயலு குளம், கடைமடைக்காரன் வயலு வெடிப்பு. அதுக்குத்தான் ஊரு கூடி ஒரு நீர்ப்பாய்ச்சியை வைக்கிறது. அவனுக்கு ஒரு செண்டு நெலங்கூட இருக்காது. ஆனா எந்த வயலு நாத்தங்கால், எது கதிர் வாங்குது, எது ரெண்டு நாள் தாங்கும்னு மொத்த ஆயக்கட்டும் மனசுல இருக்கும். மடையைத் தொறக்குறது, அடைக்கிறது எல்லாம் அவன் மம்பட்டி மட்டும்தான். கூகுள்காரன் செஞ்சது அம்புட்டுத்தான், பேராண்டி. 2010ல ஆரம்பிச்சு 2012 தொடக்கத்துக்குள்ள, ஒவ்வொரு ஸ்விட்ச்சுலயும் இருந்த புத்தியைக் கழட்டி வெளிய சர்வர்ல வச்சுட்டான், அதுக்குப் பேரு கன்ட்ரோலர். ஸ்விட்ச்சுக்கும் சர்வருக்கும் நடுவுல பேசிக்கிற பாஷை ஓப்பன்ஃப்ளோ, ஸ்டான்போர்டுல நிக் மெக்கியோன் கூட்டத்தாரு 2008ல எழுதி வெளிய விட்டது. மேல ஒரு டிராபிக் எஞ்சினியரிங் சர்வர் மொத்த லிங்க்கையும் மொத்தக் கேட்பையும் பாத்து, ஒரு எடத்துலயிருந்து போறதைப் பல பாதைக்குப் பிரிச்சு அனுப்பும். முழுசாச் சரியான கணக்கைப் போட நேரமாகும்னு, சுருக்குக் கணக்கு ஒண்ணு வச்சிருக்கான். பலன்ல 99 சதவீதம் வந்துரும், வேகம் 25 மடங்கு. பலன் என்னன்னா, பல லிங்க் 100 சதவீதத்தைத் தொட்டு ஓடுச்சு, மொத்தத்துல பாத்தா சராசரி 70 சதவீதம்.

உங்க வெண்டார் காட்டுன பிபிடியில இந்த 70 சதவீதம் பெரிய எழுத்துல இருக்குமே? இருக்கும். எனக்குப் பாக்காமலே தெரியும்.

அடுத்த பக்கத்துல என்ன இருக்குன்னு வெண்டார் காட்டியிருக்க மாட்டான். நான் சொல்றேன். கூகுளோட டிராபிக்கு மூணு ரகம். முதல் ரகம், ஜனங்களோட மெயிலு, படம், எழுத்து இதையெல்லாம் இன்னொரு டேட்டா சென்டர்ல நகல் எடுத்து வைக்கிறது. அளவு கம்மி, ஆனா தாமதிக்கக் கூடாது. ரெண்டாவது, ஒரு ஊர்ல இருக்குற தகவலை வேற ஊர்ல இருக்குற மிசினு எட்டி வாசிச்சுக் கணக்குப் போடுறது. மூணாவது, மலை மலையா டேட்டாவை ஒரு எடத்துலயிருந்து எல்லா எடத்துக்கும் தள்ளி ஒண்ணுபோல ஆக்குறது. இந்த மூணாவதுதான் அளவுல பெருசு, அவசரம் ரொம்பக் கம்மி. லிங்க் அந்துபோனா அது நிக்கும், இல்லேன்னா கொறையும். யாரும் அழமாட்டாக. அந்தப் பெரிய, பொறுமையான டிராபிக்கு இருக்குறதாலதான் அவன் லிங்க்கை விளிம்பு வரைக்கும் நெரப்ப முடியுது. அது இல்லேன்னா எந்த கன்ட்ரோலர் வந்தாலும் 40 சதவீதத்துக்கு மேல ஓட்ட உனக்குத் தைரியம் வராது.

இப்ப உங்க ஆபீசுக்கு வருவோம். அப்ளிகேஷன் லிஸ்ட்டுன்னு ஒரு எக்செல் ஷீட்டு, போன தடவை மடியில வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தியே, நான் பின்னால நின்னு எட்டிப் பாத்தேன். இங்கிலீசு தெரியாதுதான், ஆனா ஒண்ணாம் நம்பர் தெரியும்ல. 'பிரையாரிட்டி'ன்னு ஒரு காலம். மேலயிருந்து கீழ வரைக்கும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போற, இன்னும் ஒண்ணு. கடைசியில எங்கயோ ஒரு ரெண்டு தெரிஞ்சுச்சு. அது யாருதுன்னு கேட்டேன், 'ரிசைன் பண்ணிட்டுப் போனவரோடது தாத்தா'ன்ன. அடேயப்பா! இருக்குறவன் எவனும் காத்திருக்க மாட்டான், போனவன் மட்டும் காத்திருக்கணும். இந்த ஷீட்டைக் கன்ட்ரோலருக்குள்ள ஏத்துனா அது என்ன பண்ணும்? எல்லாரையும் சமமா மதிக்கும். எல்லாருக்கும் சமமாக் கொறைக்கும். அதைத்தான் உங்க பழைய ரவுட்டர் சம்பளம் வாங்காம பண்ணிக்கிட்டு இருக்கே.

கூகுள்ல இதை எப்படி வச்சிருக்கான்னு கேளு. ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஒரு கணக்கு: எம்புட்டு வரைக்கும் குடுத்தாக்கணும், அதுக்கு மேல குடுத்தா எம்புட்டு மதிப்பு. அதை மேலயிருந்து ஆளு உக்காந்து எழுதுறான். அதோட நிக்கலை. லிங்க்கு நெம்புன பொறவு பாக்கெட்டைக் கீழ தட்டிவிடுறதை மட்டும் நம்பி இருக்கலை. அனுப்புற சர்வர்கிட்டயே போய் 'நீ இம்புட்டுத்தான் அனுப்பணும்'னு கையைப் புடிக்கிறான். இதுக்குன்னே பேண்ட்வித் என்ஃபோர்சர்னு ஒண்ணு பண்ணி, 2015ல தனியா ஒரு கட்டுரையும் போட்டான். சர்வரும் அவனது, அப்ளிகேஷனும் அவனது, ஸ்விட்ச்சும் அவனது. சொன்னாக் கேக்கும். உங்க பேக்கப் சாஃப்ட்வேர் யாரு பேச்சைக் கேக்கும்? ஸ்டோரேஜ் டீம் பேச்சை. ஸ்டோரேஜ் டீம் யாரு பேச்சைக் கேக்கும்? அதை நீதான் சொல்லணும்.

ஸ்விட்ச்சுன்னதும் நெனப்பு வந்துச்சு. கடையில விக்கிற பெரிய ரவுட்டர் வேண்டாம்னுட்டு, சாதாரணமாக் கெடைக்கிற சிப்பு 24ஐக் கோத்து 128 போர்ட்டு உள்ள ஸ்விட்ச்சை அவனே அடிச்சுக்கிட்டான். நீ என்ன வாங்கப் போற? மூடுன டப்பா. லைசென்சு வருசா வருசம். அதுவும் எனக்கு இன்னொரு சந்தேகம். சந்தையில எஸ்டி-வான்னு விக்கிறதுல பாதிக்கு மேல கிளை ஆபீசுக்கு ஆனது. ஊரூருக்கு இருக்குற பிராஞ்சுல, விலை ஒசந்த எம்பிஎல்எஸ் லைனைக் கொறைச்சுட்டு ரெண்டு பிராட்பேண்டைச் சேத்துக் கட்டி ஓட்டுறது. நல்ல சாமான், அந்த வேலைக்கு. ரெண்டே ரெண்டு டேட்டா சென்டரு, நடுவுல ரெண்டே ரெண்டு லிங்க் வச்சிருக்கவனுக்குப் பாதை தேட எதுக்குடா அம்புட்டுப் பெரிய மூளை? பி4 படத்தைக் காட்டி பிராஞ்சு டப்பாவை விக்கிறாகளான்னு ஒருக்காப் பாத்துக்க. 'லேட்டன்சியையும் கொறைப்போம்'னு சொன்னாகளா? ஃபைபர்ல வெளிச்சம் நொடிக்குச் சுமாரா 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்டு, போறதுக்கு மட்டும். அதைக் கொறைக்கணும்னா பம்பாயைத்தான் கிட்டக்கக் கொண்டாரணும். டெண்டர்ல அது இருக்கா?

சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. கூகுள்காரனைப் பாத்துக் கத்துக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. அவன் புது மூளையை வச்சான்ல, பழைய குட்டைப்பாதைக் கணக்கைத் தூக்கி எறியலை. அடியில அப்படியே ஓட விட்டிருக்கான். மேல இருக்குற டிராபிக் எஞ்சினியரிங் கோணங்கி பண்ணுனா அதை அணைச்சுடலாம், பாக்கெட்டு பழைய பாதையில போகும். 'பெரிய செவப்புப் பொத்தான்'னே எழுதியிருக்கான். உங்க டிசைன்ல அந்தப் பொத்தான் எங்க இருக்கு? வெண்டாரைக் கேட்டேன்னு வையி, 'எங்க கன்ட்ரோலர் விழவே விழாது சார், ஹெச்ஏ இருக்கு'ம்பான். விழாதுன்னு சொல்றவன்கிட்டத்தான் கூட ரெண்டு கேள்வி கேக்கணும்.

விழுந்த கதை ரெண்டு சொல்றேன், ரெண்டும் அவனுக வாயாலயே ஒத்துக்கிட்டது. ஒண்ணு அந்தக் கட்டுரையிலயே இருக்கு. ஒரு பெரிய சைட்ல ஸ்விட்ச்சுகள்ல பாதியை வேற எடத்துக்கு மாத்துற வேலை நடந்துச்சு. திட்டம் போட்டு, நேரம் குறிச்சுப் பண்ணுனது. புதுசா வச்ச ஒரு ஸ்விட்ச்சுக்கு, ஏற்கெனவே இருந்த ஒண்ணோட ஐடியை எவனோ கையால தட்டிட்டான். அம்புட்டுத்தான். ரெண்டும் ஒரே பேரைச் சொல்லிக்கிட்டு 'என் பக்கத்து வீடு இதுதான்'னு வேற வேற விலாசம் குடுக்குது. கேட்ட ஸ்விட்ச்சு ஒவ்வொண்ணும் அதைப் பதறிப்போய் அக்கம்பக்கம் அத்தனைக்கும் பரப்புது. அதைக் கேட்டு இந்த ரெண்டும் மாத்தி மாத்தி மறுப்புச் சொல்லுது. அந்தப் பேச்சுவார்த்தை முழுக்கச் சாஃப்ட்வேர் வழியாத்தான் போகணும், சாஃப்ட்வேரு திணறிப்போச்சு. அம்புட்டுப் பெரிய நெட்வொர்க்குல பெரிய கோளாறுன்னு அவனே எழுதுனது, ஒரே பேரை ரெண்டு பேருக்கு வச்சதால வந்தது. உங்க ஐபி ஷீட்டைக் கடைசியா எவன் திருத்துனான்? தேதியைச் சொல்ல வேணாம், பேரை மட்டும் சொல்லு. அதுவும் ரிசைன் பண்ணுனவரா?

இன்னொண்ணு 2019 ஜூன் 2, ஞாயித்துக்கிழமை. மராமத்து வேலையைத் தானா ஓட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு, கூகுள்ல. ஒரு எடத்துல மராமத்துன்னா அங்க இருக்குற வேலையை ஒதுக்கி வைக்கும், அது அதோட கடமை. அன்னைக்கு கான்ஃபிகுரேஷன்ல ரெண்டு சின்னப் பிசகு, அதோட ஒரு பக்கு. மூணும் கூடுனதுல, பல எடங்கள்ல இருந்த நெட்வொர்க் கன்ட்ரோல் வேலையை ஒண்ணாப் போட்டு நிறுத்திருச்சு. மூளை போச்சு. மூளை போனாலும் கொஞ்ச நேரம் பழைய உத்தரவுப்படியே ஸ்விட்ச்சுக ஓடட்டும்னு முன்னமே வச்சிருந்தான். சில நிமிசம் ஓடுச்சு. பொறவு அந்த எடங்களுக்குப் போற வழியே அறிவிப்புலயிருந்து காணாமப் போச்சு. அமெரிக்காவுல பல பக்கம் யூடியூப், ஜிமெயில் எல்லாம் தடுமாறி, சீராக நாலு மணி நேரத்துக்கு மேலகூட ஆச்சு. ரெண்டே நிமிசத்துல எஞ்சினியருகளுக்குத் தகவல் போயிருச்சு. ஆனா கோளாறு என்னன்னு பாக்குற கருவியும் அதே நெரிசல்பட்ட நெட்வொர்க்கு வழியாத்தான் போகணும்! அங்கதான் நான் சிரிச்ச சிரிப்புல உன் தங்கச்சி பயந்துட்டா. சரி, பம்பாய்ப் பெட்டியைப் பாக்க உனக்கு எது வழி? அந்த எஸ்டி-வான் வழியாவே? தனியா ஒரு சாதா லைனு வச்சிருக்கியா, இல்ல மீசையை முறுக்கிக்கிட்டு இருக்கியா?

அன்னைக்கு ஒண்ணு மட்டும் அவனைக் காப்பாத்துச்சு. நெரிசல் வந்ததும் நெட்வொர்க்கு தானாவே பெரிய, பொறுமையான டிராபிக்கைத் தூக்கிக் கீழ போட்டுட்டு, சின்ன, அவசரமான டிராபிக்கை உள்ள விட்டுச்சு. யாரைத் தள்ளணும்னு அன்னைக்கு மீட்டிங் போடலை. முன்னாடியே எழுதி வச்சிருந்தான். நீங்க போட்ட டிஆர் டிரில்லுல லிங்க் நெம்பி வழிஞ்சப்ப என்ன பண்ணுனீக? இருவது பேரு கான்ஃபரன்ஸ் கால்ல ஏறி, 'என்னோடதை நிறுத்தாதீங்க சார்'னு கத்துனீக. அந்தக் கூச்சல் நீ ஸ்பீக்கர்ல போட்டது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. உங்க அப்பத்தா எவனோ செத்துட்டான்னு நெனச்சு வெளிய வந்தா.

மைக்ரோசாஃப்ட்காரனும் சும்மா இல்லை. அதே 2013ல, அதே மாநாட்டுல 'ஸ்வான்'னு தங்களோடதைச் சொன்னான். அதுல ஒரு புத்தி எனக்குப் புடிச்சிருந்துச்சு. பாதையை மாத்துறப்ப எல்லா ஸ்விட்ச்சும் ஒரே கணத்துல மாறாது. முந்தி மாறுனதும் பிந்தி மாறுறதும் ஒரே லிங்க்குல மோதிக்கும். அதுக்காக ஒவ்வொரு லிங்க்குலயும் கொஞ்சம் எடத்தைக் காலியா விட்டு வையின்னான். 10 சதவீதம் விட்டா, அதிகபட்சம் ஒம்பது படியில எங்கயும் நெரிசல் இல்லாமப் பழைய ஏற்பாட்டுலயிருந்து புது ஏற்பாட்டுக்குப் போயிரலாம்னு கணக்குப் போட்டுக் காட்டிட்டான். பாரு, நெரப்பணும்னு அலையிறவனே பத்துல ஒண்ணைச் சும்மா விடுறான். உங்க மேனேஜரு '100 சதவீதம் யூட்டிலைஸ் பண்ணணும்'னு டார்கெட்டு வச்சிருக்காராமே. அவருக்கு இந்த ஒம்பது படியைச் சொல்லிப் பாரு. சொல்ற விதமாச் சொல்லு, அப்ரைசல் வரப் போகுது.

கூகுளும் 2013லயே நின்னுறலை. 2018ல மறுபடி எழுதுனான்: 12 எடம் 33 ஆச்சு, அஞ்சு வருசத்துல டிராபிக்கு 100 மடங்கு ஆச்சு. முந்தி 99 சதவீத நேரம் ஒழுங்கா ஓடுனா போதும்னு இருந்ததை 99.99 ஆக்க வேண்டியதாச்சு, அதுக்காக உள்ள பாதியைப் பிரிச்சு மறுபடி கட்டியிருக்கான். 99 சதவீதம்னா வருசத்துல மூணு நாளைக்கு மேல படுத்துக் கெடக்கலாம்னு அர்த்தம். அப்படிக் கெடந்தாலும் அழாத டிராபிக்குக்காகத்தான் அவன் இதை முதல்ல கட்டுனான். நீ முதல் நாளே உங்க பேமெண்ட் சிஸ்டத்தைக் கொண்டுபோய் அதுல ஏத்துறேங்கிற. வீரன்தான்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. கையெழுத்துப் போடுறதை ஒரு மாசம் தள்ளு. அந்த எக்செல் ஷீட்டை எடுத்து, பிரையாரிட்டி காலத்தை முழுக்க அழி. அதுக்குப் பதிலா ஒரே ஒரு கேள்வி: 'உன்னோடது எம்புட்டு நேரம் நின்னா உன் மேனேஜர் போன் பண்ணுவாரு?' மணிக்கணக்கு எழுது. அஞ்சு நிமிசம்னு எழுதுனவன்கிட்ட, போன வருசம் எப்ப நின்னுச்சு, யாரு போன் பண்ணுனாகன்னு கேளு. பாதிப் பேரு தலையைச் சொறிவான். அப்பறம் லிங்க்கு கிராப்பைப் பாரு, எந்த நேரத்துல நெம்புதுன்னு. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும், பகல் பதினோரு மணிக்கு நெம்புது, ராத்திரி ரெண்டு மணிக்குக் காத்தாடுது. பதினோரு மணிக்கு அதுல என்ன போகுது? மெட்ராஸ் ஆபீசோட சிசிடிவி படம் பம்பாய்க்குப் போகுது. வாசல்ல வாட்ச்மேன் பீடி புடிக்கிறதைப் பம்பாய்க்காரன் உடனே பாக்கணும்னு யாருடா கேட்டா? அதை ராத்திரிக்குத் தள்ளு. ஸ்டோரேஜ் டீம்கிட்டப் பேசி, முழு பேக்கப்பைச் சனிக்கிழமைக்கு மாத்து. ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு லிங்க்குல ஒண்ணைக் கையால அணைச்சுட்டு, யாரு போன் பண்றாகன்னு உக்காந்து எழுது.

இம்புட்டும் பண்ணுன பொறவும் லிங்க்கு நெம்புனா, தாராளமா எஸ்டி-வான் வாங்கு. எவன் காத்திருப்பான்னு கன்ட்ரோலருக்குச் சொல்லிக் குடுக்க அப்ப உன் கையில ஒரு ஷீட்டு இருக்கும். நெம்பலைன்னா துட்டு மிச்சம். அந்த ஐடியா யாரு குடுத்தான்னு உங்க மேனேஜரு கேட்டா, ஒரு கன்சல்டன்ட்டுன்னு சொல்லு. பில்லு கேட்டாருன்னா, அவருக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்ல சார்னு சொல்லிட்டு, மூக்குப்பொடி டப்பா ரெண்டு வாங்கிட்டு வந்துரு.